ஊட்டியில் பிறந்த ஃபிலிம்

ஆக்ஃபா கிளிக் 3 கேமரா இன்றும் வேலை செய்கிறது. கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, சின்னதாய் ஒரு லென்ஸ், வில்லில் ஓடும் ஷட்டர், பின்புறம் சிவப்பு வில்லை பதித்த சிறு ஜன்னல். பேட்டரி கிடையாது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்து விற்ற கேமரா இது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பழனிக்கோ கன்னியாகுமரிக்கோ குடும்பமாகக் கிளம்பியவர்களில் யாராவது ஒருவர் தோளில் இது தொங்கும். எங்கள் வீட்டில் அது அப்பாவின் தோள். இப்போது கேமரா என் மேசையில் இருக்கிறது. விசையை அழுத்தினால் அதே 'டிக்'.

அப்பா அதில் போட்ட ஃபிலிம்தான் இன்று உலகத்தில் எங்கும் தயாராவதில்லை. 120 அளவுச் சுருளே கிடைக்காது என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் இல்ஃபோர்டு, செக் நாட்டில் ஃபோமா, அமெரிக்காவில் கோடாக் என்று இன்னும் செய்கிறார்கள். வரவழைத்தால் கிளிக் 3க்குள் கச்சிதமாக உட்காரும். நான் தேடுவது 'இந்து' ஃபிலிமை. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், அந்த ஃபிலிமின் பெயரையே தாங்கிய இந்து நகரில், நம் மனிதர்கள் செய்த ஃபிலிம் அது.

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பொங்கலுக்குப் போட்ட சுருள் ஆடி வரை கேமராவுக்குள்ளேயே கிடக்கும். மாட்டுக்கு மாலை போட்டது முதல் படம் என்றால், தங்கைக்கு மொட்டை போட்டது ஒன்பதாவது. நடுவில் யாராவது "ஒண்ணு எடுங்களேன்" என்று கேட்டால் அப்பா கேமராவைத் திருப்பிச் சிவப்பு ஜன்னலில் எண்ணைப் பார்ப்பார். மீதி எத்தனை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சுருள் முடிந்து, ஸ்டூடியோவில் கொடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டு வரும்போது பொங்கல் கோலம் மறந்தே போயிருக்கும். கறுப்புத் தாள் ஆல்பத்தில் மூலை ஒட்டிகளுக்குள் செருகிய அந்தச் சதுரப் படங்களில் ஒரு சாம்பல் நிறம் உண்டு. வெயிலில் நின்ற வெள்ளை வேட்டி முழுக்க வெளுத்துப்போகாது. கோயில் மண்டபத்து நிழல் முழுக்கக் கறுத்துப்போகாது. இரண்டுக்கும் நடுவில் ஏராளமான சாம்பல். வெளிநாட்டு ஃபிலிம் போட்டு அதே கேமராவில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கூர்மை கூடுகிறது, துகள் தெரிவது குறைகிறது. அந்தச் சாம்பல் வரவில்லை.

'இந்து' ஃபிலிமைச் செய்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஒரு மத்திய அரசு நிறுவனம். 1960இல் தொடங்கி, பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்திக்கு வந்தது. ஊட்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் காற்று. ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து, தலைமுடியைவிட மெல்லிய படலமாக, மைல் கணக்கில் ஒரே சீராகப் பூச வேண்டும். ஒரு தூசி விழுந்தால் யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தில் மணப்பெண் கன்னத்தில் புள்ளி விழும். வெப்பம் ஏறினால் ஜெலட்டின் இளகும். தூசியற்ற காற்று, குளிர், நல்ல தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் தென்னாட்டில் வேறு எங்கே போவது? தேயிலைக்கும் தைலமரத்துக்கும் பக்கத்தில், மஞ்சு இறங்கும் புல்மேட்டில் ஆலை எழுந்தது. ஸ்டூடியோக்களுக்கு ரோல் ஃபிலிம், பிரிண்ட் போட புரோமைடு தாள், சினிமாப் பிரதி எடுக்கப் பாசிட்டிவ், மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் என்று எல்லாம் அங்கிருந்து இறங்கின. நம்மில் பலருடைய விலா எலும்புகளை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஊட்டி ஃபிலிமில்தான்.

நிறுவனம் சரிந்த கதை நீளமானது, அதில் எனக்கு ஆர்வம் குறைவு. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காகப் பெரிய ஆலை ஒன்றை எழுப்பினார்கள், கடன் ஏறியது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். பின்னாலேயே டிஜிட்டல் வந்தது. 2014இல் மிச்சமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அவ்வளவுதான்.

என் கைக்கு இந்துச் சுருள்கள் வந்தது கோவையில் கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு ஸ்டூடியோவிலிருந்து. என்லார்ஜரை யாரோ விலை பேசி எடுத்துப் போய்விட்டார்கள். பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் தாள் உறை பிரிக்காத சில சுருள்கள். விலை கேட்டேன். ஸ்டூடியோக்காரர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, தேதி முடிஞ்சே இருவது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. இதுக்கு என்னத்த வெல சொல்றது? சும்மா எடுத்துக்குங்க. படம் கிடம் வந்துச்சுன்னா எனக்கு ஒண்ணு காட்டோணும், அவ்வளவுதான்."

தேதி கடந்த ஃபிலிமுக்கு என்ன ஆகிறது என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். வெள்ளி உப்பின் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் துகளில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சிறு புள்ளி ஆகும். கழுவும்போது டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் துகள் முழுவதையும் கறுப்பாக்குகிறது. வெளிச்சம் படாமலே, வெறும் வெக்கையாலும் வயதாலும் வான்வெளிக் கதிர்களாலும் அந்தப் புள்ளி மெல்ல மெல்ல உருவாகிவிடும். பரணில் இருபது கோடைகளைக் கண்ட ஃபிலிம் கழுவும் முன்பே பாதி கறுத்துவிட்டது என்று பொருள். உணர்திறனும் குறைந்துபோகும். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடு என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது பத்து வருடத்துக்கு இரண்டு மடங்கு, இருபது வருடத்துக்கு நான்கு மடங்கு வெளிச்சம்.

இங்கேதான் கிளிக் 3இன் எளிமை கைகொடுக்கிறது. அதில் ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஷட்டர் நிதானமாகவே திறந்து மூடும். கோடை வெயிலில் அந்தக் கேமரா ஃபிலிமின் தேவைக்கு மேலேயே வெளிச்சத்தை உள்ளே விடும். புதிய ஃபிலிமுக்கு அது கொஞ்சம் அதிகம். வயதான ஃபிலிமுக்குச் சரியான அளவு. ஒன்றுக்கொன்று பழகிய கேமராவும் ஃபிலிமும் வயதான பிறகும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சிவப்பு ஜன்னலுக்கு மட்டும் கறுப்பு டேப் ஒட்டினேன். எண்ணைப் பார்க்கும் ஒரு கணம்தான் திறப்பேன். ஃபிலிமோடு சேர்ந்து சுருண்டிருக்கும் பின்தாள் பழையதானதால் அதன் வழியே வெளிச்சம் கசியும்.

படம் எடுத்த முதல் சுருளை இருட்டில் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு விதமாகக் கழுவிப் பார்த்தேன். கையால் கலந்த டி-76 முதலில். கோடாக் 1920களில் வெளியிட்ட பழைய கலவை அது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெங்காரம் 2. ஊர் ஊருக்கு இருந்த ஸ்டூடியோக்காரர்கள் பலர் இதைத் தராசில் நிறுத்துத் தாங்களே கலந்துகொண்டார்கள். படம் வந்தது, ஆனால் மஞ்சுக்குப் பின்னால் நின்றது. பொட்டாசியம் புரோமைடு கொஞ்சம் சேர்த்தால் மஞ்சு விலகும், கூடவே நிழலில் இருக்கும் விவரமும் போகும்.

அடுத்தது காபி. விளையாட்டாகச் சொல்லவில்லை. 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் காபித்தூளால் ஃபிலிம் கழுவிக் காட்டினார்கள். காபியிலுள்ள கஃபீயிக் அமிலம் டெவலப்பரின் வேலையைச் செய்யும். அதற்குக் காரம் வேண்டும், அதைச் சலவைச் சோடா தரும். பின்னால் வந்தவர்கள் வைட்டமின் சி சேர்த்தார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் அளவு லிட்டருக்குச் சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16, இன்ஸ்டன்ட் காபி 40. தூள் சிக்கரி கலக்காததாக இருக்க வேண்டும். நம் ஊரில் அதுதான் சிரமம். கடையில் அடுக்கிய புட்டிகளின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அராபிகாவைவிட ரொபஸ்டா நல்லது என்பார்கள், வேண்டிய அமிலம் அதில் கூடுதல். கூடலூர்ப் பக்கம் விளைந்த ரொபஸ்டாவை வறுத்து அரைத்து வாங்கி, ஃபில்டரில் கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்கி, அதிலும் ஒரு துண்டைக் கழுவினேன். இன்ஸ்டன்ட் தூளில் வந்ததைவிடப் படம் மெலிந்திருந்தது. ஆனால் வந்தது. நீலகிரியில் பூசிய வெள்ளியை நீலகிரியில் விளைந்த காபி எழுப்பியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காபியில் கழுவிய ஃபிலிமுக்குத் தேன்நிறச் சாயம் ஒன்று ஏறுகிறது. மூட்டம் குறைந்திருந்தது. அந்தச் சாம்பலின் சாயல் முதல்முறையாகத் தெரிந்தது. ஒரு சிக்கல் மட்டும்: கழுவும் நீர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாதத்துக் கோவைக் குழாயில் அந்த நீரை யார் தருவார்கள்? ஐஸ் கட்டி போட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்தேன். அப்போதுதான் தோன்றியது, இந்தச் சுருளை அதன் ஊருக்கே கொண்டுபோய், அங்கேயே படம் எடுத்து, அங்கேயே கழுவினால் என்ன?

மலை ரயிலில் போனேன். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் ஏறிய பாதை. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்துக்கொண்டு மேலே போகும். ஃபிலிம் கீழே இறங்கிய திசைக்கு எதிர்த்திசையில் நான் போகிறேன் என்ற நினைப்பு வழியெல்லாம் கூடவே இருந்தது. மறுநாள் காலை பேருந்து ஏறி இந்து நகரில் இறங்கினேன். சாலையில் நின்றே எடுத்தேன். கட்டடங்களின் வரிசை, மேலே வளர்ந்துவிட்ட மரங்கள், மதில், ஈரம் ஊறிய சுவர். மஞ்சு விலகி வெயில் வரும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பன்னிரண்டுதான் என்பதால் அப்பாவைப் போலவே கேமராவைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

டீக்கடையில் ஒரு பெரியவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளிக் குல்லா, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். ஆலையில் பூச்சுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கையில் வைத்திருந்த கழுவிய நெகட்டிவ் துண்டு ஒன்றை நீட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை, ஓரத்தை விரலால் தடவினார்.

"இதுதாங்க பூச்சுப் பக்கம்," என்றார். "இருட்டுல தெரியாட்டி உதட்டுல வெச்சுப் பாப்போம். பூச்சுப் பக்கம்னா ஒட்டும்."

"முழுக்க இருட்டுலயாங்க ஐயா வேலை?"

"பின்ன? பான் ஃபிலிம் எல்லா நிறத்தையும் பிடிக்கும், சிவப்பு வெளக்கும் ஆகாதே. நடக்கிறப்ப குரல் கொடுத்துக்கிட்டே நடப்போம், இல்லாட்டி ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்குவோம். சேந்த புதுசுல பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிப் போச்சு. வேலை முடிஞ்சு வெளிய வந்தா வெளிச்சம்தான் கூசும்."

அந்த இருட்டை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளின் முகங்கள் எல்லாம் அந்த இருட்டில் நடந்தவர்களின் விரல்களைத் தாண்டித்தான் நமக்கு வந்தன. அந்த விரல்கள் இல்லாமல் போனதுதான் என்னை வருத்துகிறது. கேமராவைக் காப்பாற்ற ஒரு ஆள் போதும். திருப்புளி, பொறுமை, பழைய கேமரா இன்னொன்று இருந்தால் உதிரிப்பாகமும் ஆயிற்று. ஃபிலிமுக்கு அப்படி இல்லை. ஜெலட்டினைக் காய்ச்சுகிறவர், வெள்ளி நைட்ரேட்டை ஊற்றும் வேகத்தை அறிந்தவர், பூச்சு எந்திரத்தின் சத்தத்திலேயே கோளாறைக் கேட்கிறவர், இருட்டில் வெட்டிச் சுருட்டுகிறவர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒரு சுருள் பிறக்கும். அவர்கள் கலைந்து போனால் அந்த ஃபிலிமும் போயிற்று.

உலகத்தில் வேறு இடங்களிலும் இது நடந்திருக்கிறது. கோடாக்குரோம் 1935இல் வந்தது. ரகுபீர் சிங் கங்கைக்கரையை அந்தச் சிவப்பிலும் காவியிலும் நமக்குக் காட்டினார். 2009இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் ட்வெய்ன்ஸ் ஃபோட்டோ என்ற ஒரே ஒரு கடை 2010 டிசம்பர் இறுதி வரை வந்த சுருள்களைக் கழுவித் தந்தது. அதன் நிறங்கள் ஃபிலிமில் கிடையாது, கழுவும் நீரில்தான் சேரும். அதனால் இன்று உறை பிரிக்காத கோடாக்குரோம் யாரிடமாவது இருந்தாலும் அதைக் கறுப்பு வெள்ளையாகத்தான் எழுப்ப முடியும். எழுபதுகளின் தமிழ்ப் படங்களில் 'ஆர்வோ கலர்' என்று எழுத்துப் போட்டு வருமே, அதைச் செய்த கிழக்கு ஜெர்மனியின் வுல்ஃபென் ஆலையும் ஜெர்மனிகள் இணைந்த பிறகு மூடப்பட்டது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2004இல் இல்ஃபோர்டு திவாலாகும் நிலைக்குப் போனபோது அங்கே வேலை பார்த்த நிர்வாகிகளே சேர்ந்து கறுப்பு வெள்ளைப் பிரிவை வாங்கி நடத்தினார்கள். இன்றும் அதே ஆலையில் ஃபிலிம் ஓடுகிறது. இத்தாலியில் ஃபெர்ரானியா என்ற பழைய ஆலை மூடிக் கிடந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக்காக வைத்திருந்த சிறிய பூச்சு எந்திரம் தப்பியிருந்தது. சிலர் பொதுமக்களிடம் பணம் திரட்டி, ஆலையின் பழைய ஆட்களைத் திரும்ப அழைத்து, பி30 என்ற தங்கள் பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமை 2017இல் மறுபடி வெளியே கொண்டுவந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வந்தன. ஒரு சிறிய எந்திரமும் நாலு அனுபவக் கைகளும் போதுமாக இருந்திருக்கிறது! ஊட்டியிலும் அந்தக் கைகள் இருந்தன, இன்னும் சில இருக்கின்றன.

அன்று இரவு விடுதி அறையில் ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்து, போர்வைக்குள் கைகளை நுழைத்து ஃபிலிமைக் கழுவும் தொட்டியின் சக்கரத்தில் ஏற்றினேன். பின்தாள் பிரியும்போது ஒரு வாசனை வந்தது. ஜெலட்டினும் பழைய தாளும் கலந்த வாசனை. பூச்சுப் பக்கம் எது என்று உதட்டில் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. குழாய் நீர் ஐஸ் இல்லாமலே வேண்டிய குளிர்ச்சியில் இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் வெந்நீர் கலக்க வேண்டியிருந்தது. காபி, சோடா, வைட்டமின். பதினைந்து நிமிடம் ஆட்டினேன். பிறகு தண்ணீர், பிறகு படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. மூடியைத் திறந்தபோது அறை முழுக்கப் புளித்த காபியின் நெடி.

பன்னிரண்டும் வந்திருந்தன. சிலவற்றில் வானத்தில் எண்கள் மிதந்தன. பின்தாளில் அச்சடித்த எண்களின் மை இத்தனை வருடம் ஃபிலிமோடு ஒட்டிக்கிடந்து பூச்சில் இறங்கியிருந்தது. ஆலைக் கட்டடத்துக்கு மேலே மஞ்சுக்குள் மங்கலாக ஒரு 7. அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை. தைலமரப் பட்டைகள், ஈரச் சுவர், அந்தப் பெரியவரின் மஃப்ளர். மஃப்ளரில் இருந்த சாம்பலைப் பார்த்தேன். அப்பாவின் ஆல்பத்தில் இருந்த அதே சாம்பல், கொஞ்சம் தளர்ந்து.

கோவை வந்ததும் அந்தப் படத்தைப் புரோமைடு தாளில் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம ஊட்டி ஃபிலிமுங்க," என்று கடைக்குள் யாரையோ கூப்பிட்டுச் சொன்னார். நம்ம என்று சொன்னாரே, அதைத்தான் நான் இழந்ததாக உணர்கிறேன். இனி நான் வாங்கும் எந்தச் சுருளையும் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தொகுத்திருக்கிறது. நல்ல வேலை. படங்களைத் தொகுத்ததுபோல அந்தப் படங்கள் பதிந்த ஃபிலிமைச் செய்தவர்களின் சொல்லையும் தொகுக்க வேண்டும். அவர்களுக்கு வயதாகிறது. நான் பெரியவரிடம் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். "பனி விட்டதும் வாங்க, வெட்டுப் பிரிவுல இருந்தவங்க ரெண்டு பேர் இங்கதான் இருக்காங்க, அவங்களையும் கூப்பிடறேன்" என்றார். மாசியில் போகிறேன், குரல் பதிவு செய்ய வேண்டியதெல்லாம் எடுத்துக்கொண்டு. கேட்க வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். ஜெலட்டின் எங்கிருந்து வந்தது, பதம் பார்த்தது யார். வெள்ளி நைட்ரேட்டை எவ்வளவு நேரம் ஊற்றுவீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததில் எதை இங்கே மாற்றினீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் பூச்சு காய என்ன செய்தீர்கள். கடைசியாக ஓடிய சுருளைப் பெட்டியில் வைத்தது யார். இருட்டில் உங்களுக்கு எதிரே வந்தவர் யாரென்று குரலை வைத்து மட்டுமா கண்டுபிடித்தீர்கள்.